மூன்றாவது மாடிக்கு அழைத்தது யார்?

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இல்லாத பலரும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இருந்தது ஆறே பேர். குடும்பத்துக்கு மூத்தவனும் நிறுவனத்தின் தலைவனுமான நான். என் தம்பி. தம்பி மகளைக் கட்டிய மாப்பிள்ளை. எங்களிடம் லிஃப்ட் வாங்கவிருந்த ஆஸ்பத்திரியின் பொறியாளர். துப்பறிய வந்த அம்மாள். முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின் இந்தத் தொழிலுக்கு வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். கடைசியாக, டீச்சரின் உதவியாளர். வயது ஐம்பது, உயரம் ஆறடி இரண்டங்குலம், அதற்குத் தக்க சதை கிடையாது. அவருக்கு ஒட்டடை என்று பட்டப்பெயர் வைத்தவர் நன்றாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இவர்கள் இருவரையும் நான் அழைக்கவில்லை. தம்பி மகள் அழைத்திருந்தாள்.

"எங்க குடும்ப விஷயத்துக்கு வெளியாள் தேவையில்லை," என்றேன்.

"வெளியாள்தான் ஐயா தேவை. உள்ளாளுங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களே," என்று சொல்லிக்கொண்டே டீச்சர் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முடிவு செய்திருந்தது உண்மைதான். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், என் கையெழுத்தில், போலீசுக்கு ஒரு புகார் தயாராக மேசைமேல் இருந்தது. எங்கள் கம்பைலரில் மாப்பிள்ளை கைவைத்து, அதனால் லிஃப்ட் தன்னிச்சையாக நடந்துகொள்கிறது என்பது அதன் சாரம். ஐந்து மணிக்கு அனுப்புவதாக இருந்தேன். முதுகுக்குப் பின்னால் எதையும் செய்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் அவரிடமே முதலில் படித்துக் காட்டினேன்.

"மாப்பிள்ளை, உங்களைப் பத்தி இப்படி எழுத எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?"

"பரவால்ல பெரிய மாமா. நின்னுக்கிட்டே கேட்டா சீக்கிரம் முடியும்."

"குற்றவாளிக்கு நாற்காலி போடற குடும்பத்தை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் ஒட்டடை.

"நாற்காலி மாப்பிள்ளைக்கு. புகார்தான் குற்றவாளிக்கு," என்று தெளிவுபடுத்தினேன்.

டீச்சர் பொறியாளரிடம் திரும்பினார். "லிஃப்ட் என்னதான் பண்ணுது?"

பொறியாளர் களைத்துப்போன மனிதர். "பன்னண்டு லிஃப்ட் வாங்கறதா பேச்சு. சோதனைக்கு ஒண்ணு மாட்டியிருக்கோம். மூணு நிமிஷம் யாரும் தொடாம விட்டா, அது தானா மூணாவது மாடிக்குப் போகுது. கதவைத் திறக்குது. கொஞ்ச நேரம் நிக்குது. திரும்பக் கீழ வந்துடுது. யாரும் கூப்பிடல, உள்ள ஆளும் இல்ல."

"மூணாவது மாடில என்ன இருக்கு?"

"எலும்பு முறிவு வார்டு. காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கறவங்க, காலி லிஃப்ட் கதவு தானா திறக்கறதைப் பாத்துட்டு எழுந்து ஓடறாங்க."

"அப்போ குணமாயிடுதே?"

"டாக்டருங்களுக்குள்ளயே அபிப்பிராய பேதம் இருக்கு," என்றார் பொறியாளர் சிரிக்காமல். "எனக்கு அஞ்சு மணிக்குள்ள சுத்தமான லிஃப்ட் வேணும். இல்லேன்னா பெரியவர் புகார் கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் எங்க புகார் போகும். லிஃப்ட் பத்திரமானதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது இவர்." அவர் விரல் மாப்பிள்ளையைக் காட்டியது.

மாப்பிள்ளையின் கைபேசி முனகியது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். தம்பி மகள் எழுதியிருந்தாள்: 'பெரியப்பாகிட்ட என் பேரையும் புகார்ல சேக்கச் சொல்லுங்க. உங்களை அங்க தனியா விட்டா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நிப்பீங்க.'

நான் அதற்குப் பதில் அனுப்பவில்லை.

"இந்தக் கம்பைலர்னா என்ன?" என்றார் டீச்சர். "கணக்கு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது."

தம்பி வாயைத் திறந்தான். "அண்ணா, ஒரு விஷயம்..."

"மாப்பிள்ளை சொல்லட்டும். குறுக்க பேசாதே," என்றேன்.

மாப்பிள்ளை நன்றாகவே சொன்னார். அவருடைய திறமையில் எனக்கு என்றும் சந்தேகம் இருந்ததில்லை. "லிஃப்ட் எப்படி நடந்துக்கணும்னு நாம வார்த்தையில எழுதறோம் டீச்சர். லிஃப்ட்டுக்குள்ள இருக்கற பலகைக்கு வார்த்தை புரியாது. ஒண்ணும் சைபரும்தான் புரியும். நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அதான் கம்பைலர். எங்க கம்பைலர் எங்க குடும்பமே எழுதினது."

"அதுவும் வார்த்தையிலதான் எழுதியிருக்கா?"

"ஆமா. அதே மொழியில."

"அப்போ அதை யார் ஒண்ணும் சைபருமா மாத்தறது?"

"முந்தின பதிப்புக் கம்பைலர்."

"அதை?"

"அதுக்கு முந்தினது."

"தன் பிரசவத்தைத் தானே பாத்துக்கற டாக்டர் மாதிரி இருக்கே," என்றார் ஒட்டடை. "முதல் முதல்ல யாரு?"

"முதல் பதிப்பை மட்டும் சின்ன மாமா கையாலயே எழுதினார். வெறும் ஒண்ணும் சைபரும். பதினாலு மாசம்."

ஒட்டடை என் தம்பியை மரியாதையோடு பார்த்தார். "அதுக்கப்புறம்தான் பேசறதை விட்டுட்டாரா?"

"பேசுவான். நான் சொல்லும்போது," என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பைலரின் ஒவ்வொரு புதிய பதிப்பும், முந்தைய பதிப்பின் கையால், குடும்பத்தார் முன்னிலையில்தான் கட்டப்படும். கட்டி முடித்ததும் நான் நேரத்தைக் குறித்துப் பதிவேட்டில் எழுதுவேன். பிறகு அதை ஒரு வட்டில் ஏற்றி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து இரும்பு அலமாரியில் பூட்டுவேன். சாவி என் இடுப்பில் இருக்கும். முதல் பதிப்பிலிருந்து ஒன்பதாவது வரை வம்சாவளி போட்டு, கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கம்பைலருக்கு வம்சாவளி வைத்திருக்கிற வேறு குடும்பம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

டீச்சர் எழுந்துபோய் அதை மூக்கு படுகிற தூரத்தில் நின்று படித்தார்.

"அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது. ஏழு எங்க ஐயா?"

"ஏழு எங்களுக்கு ராசியில்லை. விட்டுட்டோம்."

"கட்டடத்துல ஏழாவது மாடிக்கு லிஃப்ட் வைக்கறீங்களே?" என்றார் ஒட்டடை.

"அது வாடிக்கையாளர் ராசி."

தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தான். "அண்ணா, அந்த ஏழு..."

"நீ காலை மாத்திரையைப் போட்டியா இல்லையா?"

அவன் போடவில்லை. எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தான்.

டீச்சர் மேசைமேல் இருந்த காகிதக் கட்டைத் தட்டிப் பார்த்தார். ஒன்பதாம் பதிப்பின் மூலம், அதாவது வார்த்தையில் எழுதிய வடிவம். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான், தம்பி, வெளியிலிருந்து வரவழைத்த ஒரு பேராசிரியர் என்று மூவர் வரி வரியாகப் படித்திருந்தோம். மூன்றாவது மாடி என்று ஒரு வார்த்தை இல்லை. லிஃப்ட்டுக்கான புரோகிராமிலும் இல்லை.

"அதனாலதான் சொல்றேன்," என்றேன். "செஞ்சிட்டு, அப்புறம் மூலத்துலேர்ந்து அழிச்சிட்டார்."

"அழிச்சிட்டார்னா இப்ப இருக்கற மூலம் சுத்தம்தானே? சுத்தமானதுலேர்ந்து புதுசா ஒரு கம்பைலர் கட்டச் சொல்லுங்க. இப்பவே, எங்க கண்ணு முன்னால."

மறுக்க வழியில்லை. மாப்பிள்ளை ஒன்பதாம் பதிப்பிடம் ஒன்பதாம் பதிப்பின் மூலத்தையே கொடுத்தார். நான்கு நிமிடத்தில் புத்தம் புதிய ஒன்பது பிறந்தது. அதைக்கொண்டு லிஃப்ட் புரோகிராமை மொழிபெயர்த்து, மூலையில் இருந்த மாதிரி லிஃப்ட்டில் ஏற்றினார். அது இடுப்பளவு உயரமுள்ள கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஐந்து சின்ன மாடிகள், நூலில் தொங்கும் தீப்பெட்டி அளவு கூண்டு.

ஆறு பேரும் அதைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றோம். மூன்று நிமிடம் என்பது நின்று பார்த்தால் நீண்ட நேரம். தம்பி "அண்ணா..." என்றான். நான் விரலை உதட்டில் வைத்தேன்.

கூண்டு அசைந்தது. முதல் மாடி, இரண்டு, மூன்று. சின்னக் கதவு திறந்தது.

"வாங்க வாங்க, உள்ள யாரும் இல்லையா?" என்று ஒட்டடை குனிந்து விசாரித்தார். கதவு மூடிக்கொண்டது. கூண்டு இறங்கிவிட்டது.

டீச்சர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். "சமையல் குறிப்புல உப்பே இல்ல. ஆனா சாப்பாடு உப்புக் கரிக்குது. அப்போ உப்பு எங்க இருக்கு?"

"சமைக்கறவங்க கையில," என்றார் ஒட்டடை.

"அதேதான். மொழிபெயர்க்கற ஒன்பதே அதை நுழைச்சிடுது. லிஃப்ட் புரோகிராமைப் பாத்தா மூணாவது மாடியைச் சேக்குது. தன்னோட மூலத்தையே பாத்தா, இந்தச் சேக்கற பழக்கத்தை அடுத்த கம்பைலருக்கும் ஊட்டி விட்டுடுது. எழுத்துல எங்கயும் தேட முடியாது. மாப்பிள்ளை, இது நடக்கக்கூடியதுதானே?"

மாப்பிள்ளை முதல் தடவையாக உட்கார்ந்தார். "நடக்கும் டீச்சர். எனக்கு ஏன் தோணல?"

"உங்களைக் குற்றவாளின்னு சொல்லிட்டாங்க இல்ல, அந்த வேலையில இருந்திருப்பீங்க," என்றார் ஒட்டடை.

நான் விடவில்லை. "அந்த ஒன்பதைக் கட்டினது மாப்பிள்ளைதான். போன வருஷம், என் முன்னால."

"எட்டைக் கட்டினப்போ?"

"அது ஆச்சு இருபத்தோரு வருஷம்."

"அப்ப நான் நாலாங்கிளாஸ், பெரிய மாமா," என்றார் மாப்பிள்ளை.

அலமாரியைத் திறந்து, எட்டாம் பதிப்பின் உறையை எடுத்து, என் முத்திரையை என் கையாலேயே உடைத்தேன். எட்டு ஒன்பதைக் கட்டியது. அந்த ஒன்பது லிஃப்ட் புரோகிராமை மொழிபெயர்த்தது. மறுபடி மூன்று நிமிடம் நின்றோம். கூண்டு மறுபடி மூன்றாவது மாடிக்குப் போய் யாருக்கோ காத்திருந்தது.

"எட்டுலயும் இருக்கு," என்றார் பொறியாளர்.

"போன வருஷம் முதுகு வலில நான் படுத்திருந்தப்போ அலமாரிச் சாவி பத்து நாள் மாப்பிள்ளைகிட்டதான் இருந்தது," என்றேன். "வட்டை மாத்தி, முத்திரையை உருக்கித் திரும்ப வெச்சிருக்கலாம்."

 மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம்..." என்றான் தம்பி.

"நீ சும்மா இரு."

டீச்சர் ஒட்டடைக்குக் கண்ணைக் காட்டினார். அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

"காலைல ஏழு மணிலேர்ந்து உங்க பழைய லிஃப்ட் இருக்கற கட்டடமெல்லாம் ஏறி இறங்கிட்டுத்தான் வரேன் பெரியவரே. ஏறினது லிஃப்ட்டுல, இறங்கினது பயத்துல படிக்கட்டுல. எல்லாம் பதினஞ்சு, இருபது வருஷப் பலகை. மாட்டின நாள்லேர்ந்து ஒருத்தரும் தொடல. நூலகத்துக் காவலாளி சொல்றார், 'அது அப்பப்ப மூணாவது மாடிக்குப் போய் மூச்சு வாங்கிட்டு வரும் சார், வயசாச்சு இல்ல.' வரி அலுவலகத்துல மூணாவது மாடிக்காரங்க பொத்தானையே அழுத்தறதில்ல. வந்து நின்னா, அதுவே வருதாம். ஒரு குடியிருப்புல மூணாவது மாடி அம்மா லிஃப்ட் கதவு திறந்தா 'அப்புறம் வா'ன்னு சொல்லி அனுப்பிடறாங்களாம்."

"இருபது வருஷமா?" என்றேன். "ஒருத்தர்கூட எங்கிட்டப் புகார் சொல்லலையே?"

"சொன்னாங்களாம். 'எங்க குடும்பத்து லிஃப்ட்டுல கோளாறு வராது'ன்னு போனை வெச்சுட்டீங்களாம். நூலகத்துக்காரர் மூணு தடவை பண்ணினார். மூணாவது தடவை, 'நீங்க எந்தக் குடும்பம்?'னு கேட்டீங்களாம்."

கேட்டிருப்பேன். மறுக்கவில்லை.

பேனாவை எடுத்தேன். புகாரில் மாப்பிள்ளையின் பெயர் வந்த இரண்டு இடங்களிலும் கோடு போட்டு அடித்தேன். அந்த இடத்தில் எழுத வேறு பெயர் இல்லை.

"மணி ரெண்டேகால்," என்றார் பொறியாளர். "நீங்க அடிச்சுட்டீங்க. நான் அடிக்கல. சுத்தமான கம்பைலர் வந்தாத்தான் அவர் கையெழுத்து தப்பும்."

"எட்டுக்கு முந்தினதை எடுங்க," என்றார் டீச்சர்.

பதிவேட்டின்படி எட்டைக் கட்டியது ஆறு. ஆறாம் பதிப்பின் உறையை எடுத்தேன். மாப்பிள்ளை அதனிடம் எட்டின் மூலத்தைக் கொடுத்தார். இயந்திரம் இரண்டு நொடி உறுமிவிட்டு நின்றது. திரையில் ஒரே ஒரு வரி: நாற்பதாவது வரியில் 'வரை' என்று ஒரு சொல் இருக்கிறது, அது எனக்குத் தெரியாது.

"நேர்மையான கம்பைலர்," என்றார் ஒட்டடை. "எங்க வீட்ல ஒருத்தரும் இப்படி ஒத்துக்கமாட்டாங்க."

"'வரை'ன்னா என்ன?"

"ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ற கட்டளை டீச்சர். 'அஞ்சாவது மாடி வரை போ' மாதிரி," என்றார் மாப்பிள்ளை. "எட்டோட மூலத்துல இருநூத்திப் பதினோரு இடத்துல வருது."

டீச்சர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பில் கடைசி வரிசைப் பையனிடம் போகிற நடை அது என்று எனக்குப் புரிந்தது.

"ஐயா, ஆறுக்கு இந்த வார்த்தை தெரியாது. எட்டு முழுக்க இந்த வார்த்தைதான். ஆனா எட்டைக் கட்டினது ஆறுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. தெரியாத வார்த்தையை அது எப்படி மொழிபெயர்த்துச்சு?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"நடுவுல யாரோ இந்த வார்த்தையைக் கம்பைலருக்குக் கத்துக்கொடுத்திருக்காங்க. ஏழாம் பதிப்புன்னு ஒண்ணு இருந்திருக்கு. உங்க பதிவேட்டுலேர்ந்தும் சுவத்துலேர்ந்தும் அதை யாரோ எடுத்திருக்காங்க. இன்னொண்ணு கேக்கறேன். லிஃப்ட் ஏன் ரெண்டாவது மாடிக்குப் போகல, நாலாவதுக்குப் போகல? நீங்க மூத்தவர். ஒண்ணு. உங்க தம்பி ரெண்டு. மூணு யாரு?"

மாதிரி லிஃப்ட் மட்டும் சத்தம் போட்டது. மூன்று நிமிடம் ஆகியிருந்தது போலும். போய் நின்று வந்தது.

"உங்க தம்பி காலைலேர்ந்து நாலு தடவை வாயைத் திறந்தார்," என்றார் டீச்சர். "அவருக்கு மாத்திரை கொடுத்தீங்க. இந்தத் தடவை பேச விடுங்க."

நான் தலையசைத்தேன்.

"தங்கச்சி, டீச்சர்," என்றான் தம்பி. "ஏழு அவ கட்டினது. என்னைவிட நல்லாக் கட்டுவா."

இனி நானே சொல்வதுதான் முறை. எங்களுக்கு ஒரு தங்கை உண்டு. ஏழாம் பதிப்பை அவள் ஒருத்தியே எட்டு மாதத்தில் எழுதினாள். முடித்த அன்று, விற்பனைப் பெட்டியின் மேல் எங்கள் இருவர் பெயரோடு தன் பெயரையும் போடச் சொன்னாள். அண்ணன் தம்பி பெயர்தான் பெட்டியில் வரும், தங்கை பெயர் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்தால் போதும் என்று சொன்னேன். அவள் மறு வாரமே வேறொரு லிஃப்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் குடும்பத்துப் பெண் போட்டியாளரிடம் சம்பளம் வாங்குவதா என்று எனக்குக் கொதித்தது. தம்பி ஏழாம் பதிப்பைக்கொண்டு எட்டைக் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு ஏழின் வட்டையும் மூலத்தையும் என் கையால் அழித்தேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து, 'எட்டைக் கட்டியது ஆறு' என்று புதிதாக எழுதினேன். கம்பைலரின் வம்சத்தில் ஓர் ஆளை நான் இல்லையென்று ஆக்கினேன். கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்போ இதெல்லாம் ஏழுக்குள்ள அவங்க வெச்சது," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ஏழு அழிஞ்சாலும் அது கட்டின எட்டுல இருக்கு. எட்டு கட்டின ஒன்பதுல இருக்கு."

"இப்ப என்ன வழி?" என்றார் பொறியாளர்.

"எட்டோட மூலத்தை 'வரை' இல்லாம திருப்பி எழுதினா ஆறுக்குப் புரியும். மூணு வாரம் ஆகும். இல்லேன்னா ஏழோட மூலம் வேணும். அதை ஆறுக்குப் புரியற வார்த்தையிலதான் எழுதியிருப்பாங்க. ஆறை வெச்சு ஏழு, ஏழை வெச்சு எட்டு, எட்டை வெச்சு ஒன்பது. சுத்தமா வந்துடும்."

"அவகிட்ட இருக்கும்," என்றான் தம்பி. "அவ எதையும் தூக்கிப் போடமாட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்கிட்ட அவ நம்பர் இல்லை," என்றேன்.

தம்பியிடம் இருந்தது. மாப்பிள்ளையிடமும் இருந்தது. ஒட்டடை தன்னிடமும் இருப்பதாகச் சொன்னார். தம்பி மகள் கொடுத்தாளாம். என்னைத் தவிர அறையில் பாதிப் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள்.

எண்ணை அழுத்தி மாப்பிள்ளை என் கையில் கொடுத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"நான்தான் பேசறேன்," என்றேன்.

"மூணாவது மாடிதானே, பெரியண்ணா?"

இருபத்திரண்டு வருடம் கழித்து அவள் பேசிய முதல் சொல் அதுதான். நான் தயாரித்து வைத்திருந்த நான்கு வாக்கியங்களும் எங்கோ போய்விட்டன.

"ஏழோட மூலம் இருக்கா?"

"இருக்கு."

"மாப்பிள்ளைக்கு ஆபத்து. அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"நாற்பது நிமிஷம்," என்று வைத்துவிட்டாள்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் அந்தப் போட்டி நிறுவனத்தின் அடையாள அட்டை தொங்கியது. என்னைத் தாண்டி நேராக மாப்பிள்ளையிடம் போனாள்.

"எனக்கு வர வேண்டிய திட்டெல்லாம் நீங்க வாங்கிட்டு உக்காந்திருக்கீங்களா?"

"பரவால்ல, குடும்பத்துக்குள்ளதானே," என்றார் மாப்பிள்ளை.

ஏழின் மூலத்தில் தான் ஒளித்து வைத்திருந்த வரிகளை முதலில் அவளே நீக்கினாள். ஆறு ஏழைக் கட்டியது. ஏழு எட்டைக் கட்டியது. அவளும் மாப்பிள்ளையும் ஒரே விசைப்பலகையை மாறி மாறி இழுத்துக்கொண்டு வேலை செய்தார்கள்; தம்பி பின்னால் நின்று தப்புக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

"ஏம்மா, பிரசவ வார்டுல இப்படிப் போயிருந்தா?" என்று பொறியாளர் கேட்டார்.

"ஆள் உள்ள இருந்தாப் போகாது. வேற மாடில யாராவது கூப்பிட்டாலும் போகாது. சும்மா இருக்கும்போது மட்டும்தான். அண்ணனுங்களுக்கு ஒரு ஞாபகப்படுத்தல்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல் வாரமே கண்டுபிடிச்சு, 'என்னடி பண்ணி வெச்சிருக்கே'ன்னு கூப்பிட்டுத் திட்டுவார்னு நெனச்சேன். திட்டினா அன்னிக்கே வந்து எடுத்திருப்பேன்."

"எனக்கு முதல் வாரமே தெரியும்," என்றான் தம்பி.

நாங்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"அப்பவே சொல்ல வந்தேன் அண்ணா. குறுக்க பேசாதேன்னீங்க. அப்புறம் எனக்கே அது பழகிடுச்சு. அவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு மாப்பிள்ளை மேல வந்ததும்தான் பயந்துட்டேன்."

"இருபத்திரண்டு வருஷமா ஒரு வாக்கியத்தோட பாதியிலயே நின்னுட்டிருந்திருக்கார்," என்றார் ஒட்டடை. "கின்னஸுக்கு எழுதிப் போடலாம்."

நான்கு மணி முப்பத்தெட்டுக்குப் புதிய ஒன்பது தயாரானது. அதன் மூலத்தை அதனிடமே கொடுத்து மறுபடி ஒரு ஒன்பதைக் கட்டச் சொன்னோம். இரண்டும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தன. அது மொழிபெயர்த்த லிஃப்ட் புரோகிராமை மாதிரி லிஃப்ட்டில் ஏற்றினார் மாப்பிள்ளை. ஏழு பேர் சுற்றி நின்றோம்.

மூன்று நிமிடம் ஆனது. நான்கு ஆனது. பொறியாளர் ஏழு நிமிடம்வரை கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூண்டு தரைத்தளத்தை விட்டு அசையவில்லை.

"இனிமே எலும்பு முறிவுக்காரங்க மெதுவாத்தான் குணமாவாங்க," என்றார் ஒட்டடை.

பொறியாளர் தன் பையிலிருந்து ஆஸ்பத்திரியின் புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மீதிப் பதினோரு லிஃப்ட்டுக்கான ஒப்பந்தத் தாளை எடுத்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடம் இருந்தது. பேனா என் பக்கம் வந்தது. நான் அதை வாங்கித் தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரிய எழுத்தில், இடம் போதாத அளவுக்குத் தன் பெயரை எழுதினாள்.

என் புகாரை நானே கிழித்தேன். டீச்சர் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பி மகளுக்கு மாப்பிள்ளை ஏதோ செய்தி அனுப்பினார். பதிலைப் படித்துவிட்டுச் சிரித்தார், என்னிடம் காட்டவில்லை.

அன்று மாலை நான் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டதாக வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. நான் கேட்டது மாப்பிள்ளையிடம். தங்கையிடம் இன்னும் கேட்கவில்லை.